மூடப்பட்ட பள்ளியின் மாணவர் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: அமெரிக்க நகரம் ஒன்றில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டுப் புள்ளிவிவரம் கையில் இருக்கிறது. மாணவர்கள் சில நூறு பேர். கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். ஏறக்குறைய அத்தனை பேரும் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்கள். பிள்ளைகள் வராததால்தான் மூடினார்களா? இந்த எண்களை வைத்து அந்தப் பள்ளியைப் பற்றி என்ன சொல்லலாம்?

பிள்ளைகள் குறைந்தது உண்மைதான். ஆனால் ஏன் குறைந்தார்கள் என்ற கேள்விக்குக் கடைசி ஆண்டு எண்ணில் பதில் கிடைக்காது. "பாதி காலி" என்று சொல்லும்போது எதில் பாதி என்பதையும் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் எழுதப்பட்ட கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு பகுதியின் பிள்ளைகள் அத்தனை பேரையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சிகாகோவை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். அங்கேதான் இந்தக் கணக்கு மிகப் பெரிய அளவில் போடப்பட்டது.

2013 மே 22 அன்று சிகாகோ கல்வி வாரியம் 49 தொடக்கப் பள்ளிகளையும் ஓர் உயர்நிலைப் பள்ளித் திட்டத்தையும் மூட வாக்களித்தது. அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை பள்ளிகளை ஒரு நகரம் மூடியது அதற்கு முன் கிடையாது. அப்போது மேயர் ராம் இமானுவேல், பள்ளி நிர்வாகத் தலைவர் பார்பரா பேர்ட்-பென்னட். முதலில் 330 பள்ளிகள் 'குறைவாகப் பயன்படுத்தப்படுபவை' என்றார்கள். பிப்ரவரியில் அது 129 ஆனது, மார்ச்சில் 54, கடைசியில் 50. ஏறக்குறைய 12,000 பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியிருந்தது. அவர்களில் 88 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். நகரத்தின் பொதுப் பள்ளிகள் முழுவதையும் எடுத்தால் அப்போது கறுப்பின மாணவர்கள் சுமார் 40 சதவீதம்தான்.

நம் வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சிகாகோவில் தொடக்கப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்போடு முடிவதில்லை. பெரும்பாலும் மழலையர் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரே கட்டடத்தில் இருக்கும். நாலு வயதுக் குழந்தையும் பதினாலு வயதுப் பையனும் ஒரே வாசலில் நுழைவார்கள். அதனால் அங்கே ஒரு தொடக்கப் பள்ளி மூடப்பட்டால், ஒரு குடும்பத்தின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் பள்ளியை இழக்க வாய்ப்பு அதிகம்.

இனி அந்த 'காலி இடம்' எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பார்க்கலாம். விஷயத்தின் மையம் அதுதான்.

நிர்வாகம் பயன்படுத்திய வழி ரொம்பவே எளிமையானது. கட்டடத்தில் உள்ள வகுப்பறைகளை எண்ணு. அவற்றில் சுமார் 77 சதவீதத்தை வழக்கமான வகுப்புகளுக்கு என்று வை. மீதியை ஓவியம், இசை, கணினி போன்றவற்றுக்கு விட்டுவிடு. வகுப்புக்கு 30 பேர் என்று பெருக்கு. வருவதுதான் அந்தப் பள்ளியின் 'உகந்த' மாணவர் எண்ணிக்கை. உண்மையான எண்ணிக்கை அதில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைபயன்பாடு, 120 சதவீதத்துக்கு மேல் போனால் நெரிசல்.

39 அறைகள் உள்ள ஒரு பள்ளியை வைத்துப் போட்டுப் பாருங்கள். 30 அறைகள் வழக்கமான வகுப்புகளுக்கு. முப்பதை முப்பதால் பெருக்கினால் 900. அதில் 80 சதவீதம் 720. அதாவது வகுப்புக்குச் சராசரி 24 பிள்ளைகள் இருக்கும் பள்ளி விளிம்பில் நிற்கிறது. ஒரு வகுப்புக்கு 23 பேர் என்றால் 'காலிப் பள்ளி'. அதே கணக்கில் வகுப்புக்கு 35 பேரை அடைத்து வைத்த பள்ளி 'திறமையாகப் பயன்படுத்தப்படுகிறது'. உங்கள் பிள்ளை இந்த இரண்டில் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று கேட்டால் எந்தப் பெற்றோரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

இதோடு முடியவில்லை. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான தனி வகுப்புகளுக்கு இல்லினாய்ஸ் மாநில விதிகளே உச்சவரம்பு வைக்கின்றன. நாளின் பெரும்பகுதியைச் சிறப்பு வகுப்பில் கழிக்கும் பிள்ளைகள் என்றால் ஓர் அறைக்கு 8 பேர், உதவியாளர் இருந்தால் 13 பேர் வரை. அதே 39 அறைப் பள்ளியில் ஆறு அறைகள் இப்படிப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 13 பேர் வீதம் ஆறும் நிறைந்திருந்தால் 78 பிள்ளைகள். மீதி 24 அறைகளில் தலா 26 பேர் இருந்தால் 624. மொத்தம் 702. எல்லா அறையும் இயங்குகிறது, சிறப்பு வகுப்புகளில் இன்னொரு பிள்ளையைச் சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்காது, பொது வகுப்பிலும் 26 பேர் இருக்கிறார்கள். இருந்தும் கணக்குப்படி 78 சதவீதம்தான், ஆகவே குறைபயன்பாடு! 2013இல் பெற்றோர் அமைப்புகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது இதைத்தான். நகரின் சில பள்ளிகள் ஆட்டிசம் உள்ளிட்ட சிறப்புத் தேவை கொண்ட பிள்ளைகளைப் பல பகுதிகளிலிருந்து ஏற்றுக்கொண்டவை. அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்ததே அந்தப் பள்ளிகளின் எண்ணைக் குறைத்துக் காட்டியது. எனவே உங்கள் பள்ளியின் சிறப்புக் கல்வி விகிதத்தைப் பார்க்காமல் பயன்பாட்டு சதவீதத்தை நம்பாதீர்கள்.

அப்போது பேசப்பட்ட பெரிய எண்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. நகரில் 5,11,000 இருக்கைகள், 4,03,000 மாணவர்கள், ஆகவே ஒரு லட்சம் இருக்கைகள் காலி என்றார்கள். 2000க்குப் பிறகு நகரில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 1,45,000 பேர் குறைந்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டாவது எண் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்தது. தனியார் பள்ளிக்கும் தேவாலயப் பள்ளிக்கும் போகும் பிள்ளைகளும் அதில் அடக்கம். பொதுப் பள்ளிகளின் சேர்க்கையைப் பார்த்தால் 2000-01இல் சுமார் 4,35,000, 2012-13இல் சுமார் 4,03,000. குறைவு 32,000. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் போய்விட்டது போன்ற பேச்சுக்கும் இந்த 32,000க்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். இருக்கைகளின் எண்ணிக்கையோ, மேலே சொன்ன 30 பேர் சூத்திரத்தில் பிறந்தது.

சரி, அப்படியானால் அக்கம்பக்கப் பள்ளிகள் ஏன் இவ்வளவு வேகமாக மெலிந்தன? ஒரு பள்ளியை உதாரணமாகச் சொல்கிறேன்.

சிகாகோவின் தெற்குப் பக்கம் பிரான்ஸ்வில் பகுதியில் ஆந்தனி ஓவர்ட்டன் தொடக்கப் பள்ளி 1963இல் திறக்கப்பட்டது. அதற்கு அருகிலுள்ள ஸ்டேட் தெருவில் அதற்கு முந்தைய ஆண்டுதான் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு கட்டி முடிக்கப்பட்டிருந்தது. 16 மாடிக் கட்டடங்கள் 28, வீடுகள் 4,400க்கு அருகில். உச்சத்தில் அங்கே 27,000 பேர் வாழ்ந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பினக் குடும்பங்கள் நகரின் மற்ற பகுதிகளில் வீடு வாங்கவோ வாடகைக்குப் போகவோ முடியாதபடி பல பத்தாண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்ததால், அவர்களை ஒரே இடத்தில் உயரமாக அடுக்கிக் கட்டிய கொள்கையின் விளைவு அது. ஓவர்ட்டன் போன்ற பள்ளிகள் இப்படித் திரண்ட பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டவை.

அந்தக் காலத்தில் கறுப்பினப் பகுதிப் பள்ளிகளின் துயரம் நெரிசல். பக்கத்தில் வெள்ளையர் பள்ளிகளில் இடம் இருந்தும் பிள்ளைகளை அங்கே அனுப்பாமல், கண்காணிப்பாளர் பெஞ்சமின் வில்லிஸ் பள்ளி மைதானங்களில் நகரும் தகர வகுப்பறைகளை இறக்கினார். மக்கள் அவற்றை 'வில்லிஸ் வேகன்' என்று அழைத்தார்கள். அதை எதிர்த்து 1963 அக்டோபர் 22 அன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தின் கறுப்பினப் பகுதிப் பள்ளிகள் காலி என்று மூடப்பட்டன.

இடையில் நடந்தது இடிப்பு. நகர வீட்டு வசதி வாரியம் 2000இல் தொடங்கிய 'மாற்றத்துக்கான திட்டம்' உயர்மாடிக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகத் தரைமட்டமாக்கியது. ராபர்ட் டெய்லரின் கடைசிக் கட்டடம் 2007இல் விழுந்தது. வடக்கே கப்ரினி-கிரீனின் கடைசி உயர்மாடி 2011இல். குடும்பங்கள் வாடகை உதவிச் சீட்டோடு வேறு பகுதிகளுக்கும் புறநகர்களுக்கும் சிதறின. 2000க்கும் 2010க்கும் இடையே சிகாகோவின் மக்கள்தொகை ஏறக்குறைய 2,00,000 குறைந்தது. அதில் 1,80,000 அளவுக்குக் கறுப்பினத்தவர். ஓவர்ட்டனைச் சுற்றி வீடுகளே இல்லாதபோது பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? 2013 பட்டியலில் ஓவர்ட்டனும் இருந்தது. அதன் மாணவர்களுக்கு மாலிசன் என்ற பள்ளி ஒதுக்கப்பட்டது. 2016இல் ஓவர்ட்டன் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இன்னொரு காரணம் போட்டிப் பள்ளிகள். 2004இல் அறிவிக்கப்பட்ட 'ரினைசன்ஸ் 2010' திட்டம் நூறு புதிய பள்ளிகளைத் திறப்பதாகச் சொன்னது, அவற்றில் பல சார்ட்டர் பள்ளிகள், அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகள். பிள்ளைகள் குறைந்துகொண்டிருக்கும் பகுதியில் புதுப் பள்ளி திறந்தால், இருக்கிற பிள்ளைகள் பங்கு பிரிவார்கள். பழைய பள்ளியின் எண்ணிக்கை விழும். நகரின் மொத்தச் சேர்க்கையில் சார்ட்டர் மாணவர்களும் சேர்ந்திருப்பதால் இந்த நகர்வு மேலோட்டமான எண்ணில் தெரியாது.

இதனால்தான் கடைசி ஆண்டை மட்டும் பார்க்காமல் இருபது ஆண்டு வரிசையை எடுக்கச் சொல்கிறேன். அதையும் வகுப்பு வாரியாக. எல்லா வகுப்பும் ஒரே சமயத்தில் சரிந்தால் பக்கத்தில் வீடுகள் இடிந்திருக்கும், அல்லது சேர்க்கை எல்லை மாற்றப்பட்டிருக்கும். மழலையர் வகுப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கினால் பிறப்பு குறைகிறது, அல்லது இளம் குடும்பங்கள் அந்தப் பகுதிக்குக் குடிவருவதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை நிலையாக இருந்து ஆறிலிருந்து திடீரென மெலிந்தால், நடுநிலை வகுப்புக்கு நுழைவுத் தேர்வுப் பள்ளியோ சார்ட்டர் பள்ளியோ பிள்ளைகளை இழுக்கிறது என்று பொருள். கடைசி ஓராண்டில் மட்டும் ஒரு பள்ளம் தெரிந்தால் எச்சரிக்கை: மூடல் பேச்சு கிளம்பியதும் பெற்றோர் முன்கூட்டியே பிள்ளைகளை எடுத்துவிடுவது உண்டு. அந்தப் பள்ளத்தை மூடலுக்கான காரணமாகக் காட்டக் கூடாது. எந்த நாளில் எண்ணினார்கள் என்பதும் முக்கியம். சிகாகோ நிர்வாகம் பள்ளி திறந்த 20ஆம் நாள் எண்ணிக்கையை எடுத்தது. மத்தியக் கல்வித் துறையின் தரவுத்தளம் அக்டோபர் 1ஐ ஒட்டிய எண்ணிக்கையைக் கேட்கிறது. இரண்டும் சில மாணவர்கள் வித்தியாசப்பட்டால் பிழை என்று எண்ண வேண்டாம்.

இன விவரத்தில் ஒரே ஒரு பொறி. 2010-11 கல்வியாண்டுக்குள் நாடு முழுக்க ஐந்து பிரிவிலிருந்து ஏழு பிரிவுக்கு மாற வேண்டியிருந்தது. 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்' என்ற பிரிவும் பசிபிக் தீவினர் என்ற தனிப் பிரிவும் வந்தன. ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்) என்று சொன்ன பிள்ளை எந்த இனமானாலும் ஹிஸ்பானிக் கணக்கில்தான் வரும். ஆகவே அந்த ஆண்டுவாக்கில் ஒரு பிரிவு சட்டென்று இறங்கினால், பிள்ளைகள் போகாமல் படிவம் மட்டும் மாறியிருக்கலாம். சிறிய பிரிவுகளில் எண்ணுக்குப் பதில் கோடு இருந்தால், தனிப்பட்ட பிள்ளையை அடையாளம் காணக்கூடாது என்று மறைத்திருக்கிறார்கள். அது பூஜ்யம் அல்ல.

மதிய உணவு விகிதம் கொஞ்சம் வழுக்கும் எண். வறுமைக் கோட்டின் 130 சதவீத வருமானம் வரை உள்ள குடும்பத்துக்கு இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போடுவது வழக்கம். அதனால் 95 சதவீதம் என்ற எண்ணுக்குள் ஓரளவு வேலை உள்ள குடும்பமும், இன்று இரவு எங்கே தூங்குவது என்று தெரியாத குடும்பமும் ஒன்றாக இருக்கும். அப்புறம், உணவுத் திட்டத்தில் 'சமூகத் தகுதி' என்ற ஏற்பாடு வந்தது. ஏழைப் பகுதிப் பள்ளி முழுவதற்கும் படிவம் இல்லாமலே இலவச உணவு. 2014-15இல் நாடு முழுக்க விரிந்தது. இல்லினாய்ஸ் 2011இலேயே முன்னோட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் ஒன்று. அந்தப் பள்ளிகளில் 100 சதவீதம் என்று தெரிந்தால், ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகச் சரிபார்க்கப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

நான் இந்த எண்ணைவிட வேறு இரண்டு எண்களைத் தேடுவேன். ஒன்று இடம்பெயர்வு விகிதம், அதாவது ஆண்டின் நடுவில் வந்தவர்களும் போனவர்களும். இன்னொன்று வீடற்ற மாணவர்களின் எண்ணிக்கை. 1987இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி, வீடு இழந்த பிள்ளை எங்கே தங்கினாலும் பழைய பள்ளியிலேயே தொடர உரிமை உண்டு. உறவினர் வீடு, காப்பகம், மறுபடி உறவினர் வீடு என்று அலையும் ஒரு குழந்தைக்கு மாறாமல் இருப்பது அந்த வகுப்பும் அந்த ஆசிரியரும் மட்டும்தான். பள்ளியையே மூடிவிட்டால் அந்த உரிமையை எங்கே போய்ப் பயன்படுத்துவது? 2013 மூடல்களால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் மற்ற மாணவர்களைவிட அதிகம் இடம்பெயர்ந்தவர்கள், சிறப்புக் கல்வி பெறுபவர்களும் அவர்களில் அதிகம் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையம் பதிவு செய்திருக்கிறது. மாற்றத்தை மிகக் குறைவாகத் தாங்கக்கூடிய பிள்ளைகளுக்கே மாற்றம் போய்ச் சேர்ந்தது. இதைச் சொல்லாமல் எந்தச் சேர்க்கைப் புள்ளிவிவரமும் முழுமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மூடிய பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? அதே ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நகரப் பொதுப் பள்ளிகளில் தொடர்ந்தவர்களில் 66 சதவீதம் பேர் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பள்ளியில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் வேறு பள்ளி தேடிக்கொண்டார்கள். 93 சதவீதம் பேர் பழைய பள்ளியைவிட உயர்ந்த மதிப்பீடு பெற்ற பள்ளிக்குத்தான் போனார்கள். நிர்வாகம் இதைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் 2018இல் வந்த அடுத்த அறிக்கை, மூடல் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே மதிப்பெண்கள் சரிந்ததையும், கணிதத்தில் அந்தப் பாதிப்பு நான்கு ஆண்டுகள் வரை நீடித்ததையும் காட்டியது. பழைய பள்ளியை இழந்த துக்கத்தையும், வந்த இடத்தில் இரு பள்ளிப் பிள்ளைகளும் ஒட்டாமல் இருந்ததையும் மாணவர்களும் ஆசிரியர்களும் அதில் பேசியிருக்கிறார்கள்.

உங்கள் பள்ளியைத் தேடும்போது பெயரை வைத்து மட்டும் தேடினால் குழம்புவீர்கள். மூடப்படுவது பள்ளி என்ற அமைப்பா, கட்டடமா என்று பிரித்துப் பாருங்கள். சிகாகோவில் ஸ்டாக்டன் பள்ளி மூடப்பட்டது, அதன் பிள்ளைகளை ஏற்ற கோர்ட்னி பள்ளியோ ஸ்டாக்டன் கட்டடத்துக்கே குடிவந்தது. தரவில் ஸ்டாக்டன் முடிந்துவிட்டது. தெருவில் பார்ப்பவருக்கு அந்தக் கட்டடத்தில் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. மத்தியத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் 12 இலக்க எண் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பழைய ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போங்கள். பள்ளிகளைப் பற்றி மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை அட்டைகளில் அதே பள்ளியின் வருகை, இடம்பெயர்வு, சிறப்புக் கல்வி விகிதங்கள் கிடைக்கும். பிறகு பிள்ளைகளை ஏற்ற பள்ளியின் அடுத்த இரண்டு மூன்று ஆண்டு எண்களையும் எடுங்கள். இரண்டு பள்ளிகளின் மாணவர்களைக் கூட்டினால் வரவேண்டிய எண்ணுக்கும் உண்மையில் வந்த எண்ணுக்கும் இடைவெளி இருந்தால், அத்தனை குடும்பங்கள் வேறு வழி பார்த்துக்கொண்டன என்று பொருள்.

மூடியதால் காலி இருக்கைப் பிரச்சினை தீர்ந்ததா என்று அடுத்து கேட்பீர்கள். தீரவில்லை. 2012-13இல் 4,03,000 ஆக இருந்த சிகாகோவின் சேர்க்கை 2023-24இல் சுமார் 3,23,000. மூடலுக்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் இழந்ததைப் போல இரண்டரை மடங்கை, பிந்தைய பதினோரு ஆண்டுகளில் இழந்திருக்கிறார்கள். பள்ளிகளை மூட 2027 வரை அங்கே தடை இருக்கிறது. அது முடிந்ததும் இதே பேச்சு மறுபடி வரும். அப்போது 30 பேர் சூத்திரத்தையா, பகுதியில் எத்தனை வீடுகள் மிஞ்சியிருக்கின்றன என்பதையா, எதை முதலில் மேசையில் வைக்கிறார்கள் என்று கவனியுங்கள்.